பீப் சத்தத்தை நம்பினேன்

சாத்தாங்காட்டில் எங்கள் இரும்புக் கடைக்குத் தகடு ஏற்ற வந்தவர்களில் ஒருவனாகத்தான் அவன் எனக்குப் பழக்கமானான். வியாசர்பாடி குடியிருப்பில் வீடு. ஒரு நாள் கடைக்கு மேலே பறந்த ஒன்றைக் காட்டி, "அது கொக்கு இல்ல மாமு, ஆலா. எண்ணூர் முகத்துவாரத்துல கும்பலா கீது" என்றான். அடுத்த ஞாயிறே இருவரும் எண்ணூர் போனோம். அதன் பிறகு நான்கு வருடம் அநேகமாக எல்லா ஞாயிறும் போனோம். அவன் பறவையைக் கண்டுபிடிப்பான், நான் படம் எடுப்பேன்.

டிஜிட்டல் கேமரா வாங்கியபோது, பழைய ஃபிலிம் கேமராவின் டெலி லென்ஸையே நடுவில் ஒரு வளையம் போட்டு அதில் மாட்டிக்கொண்டேன். ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். பறக்கிற ஆலாவுக்கு என் கண்ணும் கையும் ஈடு கொடுக்கவில்லை. அதனால் சிப் ஒட்டிய புது வளையம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அதைப் போட்டால், ஃபோகஸ் சரியாக விழுந்த நொடியில் கேமரா பீப் என்று சத்தம் கொடுக்கும்.

அது வந்த வாரம் எனக்கு ஊரில் ஒரு கல்யாணம். "பாப்பாக்கு பூநாரை காட்டணும்" என்று தன் மகளுக்காகக் கேமராவையும் லென்ஸையும் அவன் கேட்டு வாங்கிப் போனான். நான் திரும்பி வந்ததும் புது வளையத்தை மாட்டிக்கொண்டு தனியாக எண்ணூர் போனேன். பீப் பீப் என்று சத்தம் வரவர எடுத்துத் தள்ளினேன். வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு படம்கூடத் தேறவில்லை. பறவை மங்கலாகவும் அதன் பின்னால் இருந்த கோரைப்புல் தெளிவாகவும் இருந்தது.

மறுநாள் கடை வாசலிலேயே அவனைப் பிடித்தேன்.

"லென்ஸக் கீழ போட்டியா?"

"இல்லியே. துணி சுத்தி, கயித்த கழுத்துல மாட்டிகினு போனேன். தரையிலகூட வெக்கல."

"நீ போடலைன்னா வேற யார்கிட்ட குடுத்த? உங்க ஏரியா ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். "இன்னா சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டான். கைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான். அந்த வாரத்திலிருந்து எங்கள் கடைக்கு வேறு ஆள் வந்தான்.

ஐந்தாறு மாதம் கழித்து, லென்ஸை விற்றுவிடலாம் என்று மொட்டைமாடியில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். கைப்பிடிச்சுவரில் ஐந்து பேட்டரிகளைச் சாய்வாக வரிசை வைத்து, நடுவில் இருந்ததைக் குறிவைத்து எடுத்தேன். பீப் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த நான்காவது பேட்டரிதான் தெளிவாக விழுந்தது. பழைய வளையத்தை மாட்டி, கையால் திருகி எடுத்தேன். நடு பேட்டரியின் எழுத்துகூடப் படிக்க முடிந்தது. லென்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த சிப் வேறு ஏதோ லென்ஸுக்காகச் செய்யப்பட்டது; அதுதான் தப்பான இடத்தில் கேமராவைச் சத்தம் போட வைத்திருக்கிறது. வளையம் வந்ததும் அவன் லென்ஸை வாங்கிப் போனதும் ஒரே வாரத்தில் நடந்திருந்தது. நான் வாங்கிய வளையத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்று சாயங்காலமே வியாசர்பாடி போனேன். அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவனிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"வுடு நைனா. லென்சு நல்லா கீதில்ல? அது போதும்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"வூட்ல வேல கீதுப்பா."

மூன்று நான்கு முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஒரு காரணம் சொன்னான். எனக்கு அவன் கோபமே தேவலை என்றிருந்தது. தனியாகப் போனால் வானத்தில் போவது எதுவென்றே தெரியவில்லை. போவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் காலடிப்பேட்டையில், நான் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் அவன் ஏறினான். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. பாப்பா பத்தாவது போய்விட்டாள் என்றான். என் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான். அவன் இறங்கும் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே வந்தோம். இரண்டு பேருமே எண்ணூர்ப் பேச்சை எடுக்கவில்லை.