வெறும் உலை

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் சோறு வெந்துதான் வீட்டுக்கு வந்தது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டையிட்டவர்களுக்கு யாரும் அரிசி கடத்திவிடக் கூடாது என்று, கம்பி வேலிக்குள் ஒரே கொட்டகையில் எல்லோருக்கும் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று வாளியில் போட்டார்கள். வீட்டில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் குற்றம். குழம்பு மட்டும் அவரவர் அடுப்பில்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அதே காரணம் சொல்லி, எங்களை லோரியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். நாங்கள் முன்பு இருந்த தோட்டப் பிரிவில், பழைய டிவிஷனில், மொத்தமே பன்னிரண்டு வீடுகள். எதிர்வீட்டில் சித்தி. இப்போது சித்தி பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் வேறொரு தோட்டத்தில். புதிய லயத்தில், ஒட்டுச் சுவர் வீடுகளின் அந்த நீள வரிசையில், அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அம்மாவின் பேச்சு எந்த நாளில் நின்றது என்று எனக்கு நினைவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் தீர்ந்துபோயிருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கும் போகவில்லை. மாலையானால் மட்டும் எழுந்து அடுப்பை மூட்டுவாள். சோற்றுப் பானையில் தண்ணீர் வைத்து, பால் டின்னால் நான்கு தரம் அளந்து போடுவாள். டின்னில் ஒன்றும் இருக்காது. உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். அப்பா கொட்டகைச் சோற்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்தார். ஒரு பாட்டில் டானிக் கொடுத்தார். “ரெண்டு வாரம் பாப்பேன்லா. இப்படியே இருந்தா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்” என்றார். சுவர் மெல்லிய பலகை. லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு அத்தை, உறவில்லை, லயத்து முறைக்கு அத்தை, சட்டியோடு வந்து நின்றாள். வாய் நீளமானவள். “அண்ணி, ஒன் அடுப்பு சும்மாதான எரியுது? எங்க அடுப்பு ஒடைஞ்சு போச்சு. இந்தக் கீரைய வேக வச்சுக்கிறேன்” என்று அனுமதிக்குக் காத்திராமல் பானையை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் இன்னொருத்தி, குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீருக்கு. பிறகு நாலைந்து பேர். கருவாடு, மரவள்ளி, புருஷன்மார் பற்றிய புகார்கள், எல்லாம் எங்கள் அடுப்பில் வெந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறகு பொறுக்குகிறவன் நான். பள்ளி விட்டதும் ரப்பர் மரக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு, வேலி வாசல் அடைக்குமுன் ஓடிவர வேண்டும். காவல்காரன் கட்டுக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். இவர்களோ பேசாத பெண்பிள்ளை என்று அம்மாவை ஏய்க்கிறார்கள்! ஒருநாள் வேண்டுமென்றே வெறும் கையோடு வந்தேன்.

அன்று அடுப்பு எரியவில்லை. அம்மா குளிர்ந்த பானைக்கு முன்னால் டின்னைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தை எட்டிப் பார்த்தாள். “டேய் மருமவனே, வெறகு எங்கடா?”

“கெடைக்கல.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனவள், ஒரு கட்டு விறகோடு திரும்பினாள். அவளே ஊதி மூட்டி, கருவாட்டுக் குழம்பை ஏற்றினாள். கொதித்ததும் கரண்டியில் எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் ஊற்றி, “பாத்துச் சொல்லு அண்ணி” என்றாள், தினமும் கேட்பதுபோலவே.

அம்மா நக்கிப் பார்த்தாள். “உப்புப் பத்தல.”

 அத்தை, “வாய் தொறந்ததே இன்னிக்கித்தான், அதுலயும் கொறையா?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஈர விறகு, புகைதான் என்று நினைத்தேன்.

ரெண்டு வாரக் கெடு முடிவதற்குள் அம்மா பெரட்டுக்குப் போனாள். மருந்துக்காரர் தம் டானிக்கை எல்லோரிடமும் மெச்சிக்கொண்டார்.

அந்த வாரம் சட்டியைத் திருப்பிக் கொடுக்க அத்தை வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பில் ஒரு விரிசல்கூட இல்லை. சாணி மெழுகிப் பளிச்சென்று இருந்தது. மூலையில் கூரை வரைக்கும் விறகு. அத்தையின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

 மறுநாள் வேலை முடிந்து களைத்து வந்த அப்பா, என்னோடு விறகுக்கு வந்தார். என் கட்டைவிடப் பெரிதாக ஒன்று கட்டினார்.

இத்தனை சொல்லியும் அப்பாவும் ஏமாறுகிறாரே என்று, வேலி வாசல்வரை நான் அவரோடு பேசவே இல்லை.