ஒருக்களித்துப் படுக்கிறவள்

செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாடிக்கையாளர் கண்முன்னாலேயே மெத்தையில் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். இடதுபக்கமாக ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு சேர்த்து மடக்கி. "இப்படிப் படுத்துப் பாருங்க, வலி எங்க போச்சுன்னே தெரியாது." பாதிப் பேர் அங்கேயே பணத்தை எடுத்துவிடுகிறார்கள். கடைவீதியில் அவளுக்குப் பெயரே மெத்தை அக்கா.

அதை விற்கிற சாமர்த்தியம் என்றுதான் முதலாளி நினைத்திருந்தார். உண்மையில் பல மாதங்களாக அக்காவுக்கு அடிவயிறு சுண்டிச் சுண்டி இழுத்தது. இடுப்பும் முழங்காலும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. அப்படிச் சுருண்டால்தான் போன உயிர் திரும்பும்.

மாமியார் உடம்பைக் குறைக்கச் சொன்னார். முதலாளி நாற்காலியை மாற்றிக் கொடுத்தார். எல்லோருக்கும் தலையாட்டிய அக்காவுக்கு, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு போட்டுக்கொண்ட காப்பர்-டி மேல்தான் சந்தேகம். ஆனால் வாய் திறக்கவில்லை. அதை எடுத்து, மூன்றாவதாக ஒன்று உண்டாகிவிட்டால் கடையும் போச்சு, சொந்தக் காலில் நின்றதும் போச்சு. "ரெண்டே போதும்டா சாமி. எனக்கு இந்தக் கடைதாங்க மூச்சு" என்கிறாள் இப்போது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒரு மதியம் சாப்பாடு கொண்டுவந்தான். ஆளே இல்லாத கடையில் அக்கா அதே மாதிரி சுருண்டு கிடந்தாள்.

"யாருக்கு வித்துக்கிட்டிருக்க?" என்று கேட்டான்.

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "எல்லாருக்கும் இப்படி ஆகாதும்மா. உங்களுக்கு அது இடம் மாறியிருக்கு" என்று காப்பர்-டியை எடுத்துவிட்டார். முழங்கால் வலிக்கும் அதுதான் காரணமா என்பதை மட்டும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அக்கா அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான்: "எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர். இவ பட்டது போதும்."

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் அக்கா. "பத்தாவது மாடியில தொங்கி வேலை பார்க்கிற மனுஷன், ஊசியப் பார்த்ததும் என் கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு!"

அடிவயிறு அடங்கிவிட்டது. படி ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைக்கிறது. "அது கிடக்குது, விடுங்க."

இன்று புதிதாக வீடு மாறிய ஒரு தம்பதி வந்தார்கள். அக்கா வழக்கம்போல ஏறி, இடதுபக்கம் திரும்பி, முழங்காலை மடக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெல்ல மல்லாந்து, இரண்டு கால்களையும் முழுசாக நீட்டினாள்.

விலை என்ன என்று கேட்டார்கள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.