வயலுக்குள் ஒரு நீலப் புள்ளி

"இன்னும் சற்றுத் தூரத்தில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது என் கணவர் நவாஸின் போன்.

"நேராகச் செல்லவும்" என்றது என் போன்.

இரண்டையும் கேட்டபடி, பின்சீட்டில் கோட் சூட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. என் தம்பி நிஹாஸ்.

போன கிழமை அவனுக்குக் கலியாணம். பெண் சம்மாந்துறை. நாங்கள் கல்முனை. பின்னேரம் அஸர் தொழுத கையோடு மாப்பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பின்னால் இரண்டு வேன்கள். முதல் வேனில் வாப்பா.

சம்மாந்துறைக்குப் போக வழிகாட்டி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊருக்குப் போகத் தேவையில்லைதான். ஆனால் பெண் வீடு இருப்பது ஊரின் மறு ஓரத்தில், வயலை ஒட்டிப் புதிதாக வீடுகள் எழும்பிய இடம். பெண் பார்க்க ஒரே ஒரு தடவை போனோம். அன்றைக்கு வேன் ஓட்டியவருக்குப் பாதை தெரிந்திருந்தது. நாங்கள் பின்னால் இருந்து மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்தோம்... யார் பாதையைப் பார்த்தது?

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் போன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நவாஸ் வரைபட அப் கட்சி. பிறந்ததிலிருந்து போய்வரும் கடைக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டுதான் காரை எடுப்பார். 'நீங்கள் மிக வேகமான பாதையில் இருக்கிறீர்கள்' என்று அது சொன்னால் போதும். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அவருடைய அப்புக்குக் குறுக்குப் பாதை என்றால் உயிர். என்னுடைய அப் வேறு. அது பயந்த சுபாவம். பெரிய ரோட்டை விட்டு இறங்கவே இறங்காது.

ஆனால் நான் அதிகம் புழங்குவது குரல் உதவியாளரோடுதான். கையெல்லாம் மாவாக இருக்கும்போது யாரால் எழுத்தைத் தட்டிக்கொண்டு நிற்க முடியும்? வாயால் சொன்னால் வேலை நடக்க வேண்டும். நடக்கும்... அதற்கு நம் தமிழ் விளங்கினால்!

முதன்முதலில் அதனிடம், "தம்பியோட கதைக்கணும்" என்றேன். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்" என்று தொடங்கிவிட்டது. பேச வேண்டும் என்றால், கதை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டது, பாவம். இன்னொரு நாள் ஏதோ பாட்டைப் போடவா என்று கேட்டது. "ஓம்" என்றேன். உடனே குசினி முழுக்க ஓங்காரத் தியான இசை! வாப்பா தொழப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றிருந்தார். "என்ன மகள், போன் மதம் மாறிட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து நான் அதனிடம் 'ஆமாம்' என்றுதான் சொல்கிறேன். மேடை நாடகத்தில் நடிப்பது போல இருக்கும். என்ன செய்ய?

சரி, காருக்கு வருவோம்.

சம்மாந்துறையை நெருங்கும்போதே ரோட்டில் நெரிசல். அறுவடைக் காலம் அல்லவா? நெல் மூட்டைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மில்லுக்குப் போகும் உழவு மெசின்கள் வரிசையாக நின்றன. நவாஸின் போனில் முன்னால் இருந்த பாதை சிவந்து கிடந்தது.

"இடப்பக்கம் இறங்கினா வயலுக்குள்ளால நேரா பொண்ணு வீட்டடிக்குப் போகலாமாம்" என்றார் நவாஸ்.

"இஞ்ச பாருங்க, என்ட போன் நேராப் போகச் சொல்லுது. கொஞ்சம் சுணங்கினாலும் பரவால்ல."

"உன்ட போன் சொல்றதக் கேட்டா மஃரிபுக்குத்தான் நிக்காஹ்."

அதுதான் சிக்கல். நிக்காஹ் நடத்த வரும் மௌலவிக்கு, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குப் பிறகு வேறு ஊரில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. பிந்தினால் காத்திருக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நிஹாஸ் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினான். கட்டாரில் பாலைவனத்துக்கு நடுவே வேலை பார்த்தபோதுகூட அவன் இப்படி வியர்த்திருக்க மாட்டான்.

"மச்சான், குறுக்கால போவம்" என்றான்.

மாப்பிள்ளையின் சொல்லுக்கு மறுசொல் உண்டா? இடப்பக்கம் இறங்கினோம். வேன்களும் விசுவாசமாகப் பின்னால் இறங்கின.

முதலில் தார் ரோடு. பிறகு கிரவல் ரோடு. பிறகு இரண்டு டயர்த் தடங்கள், நடுவில் புல். இரண்டு பக்கமும் வெட்டிய வயலும் வெட்டாத வயலும் மாறி மாறி. புது வைக்கோல் வாசம் காருக்குள் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகான பாதை!

"பார்த்தியா? வேகமான பாதையில போறமாம்" என்றார் நவாஸ்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வளைவைத் தாண்டியதும் பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது, நெல் வெட்டும் மெசின். அதன் ஒரு பக்கச் சில்லுகளைப் பிரித்துப் போட்டு இரண்டு பேர் திருத்திக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு அது அசையாது என்பது பார்த்த பார்வையிலேயே விளங்கியது. காரைத் திருப்ப இடமில்லை. பின்னால் வேன்கள்.

நவாஸின் போனில் சிக்னல் போய், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

என் போன் அடித்தது. வாப்பா.

"என்ன மகள், மாப்பிள்ளைய வெள்ளாமை வெட்டவா கூட்டிப் போறீங்க?"

"வந்திடுவம் வாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இனி என் கட்சியின் முறை என்று குரல் உதவியாளரை எழுப்பினேன். வெட்கத்தை விட்டு, நாடகத் தமிழில், "பெண் வீட்டுக்குச் செல்ல வழி சொல்லவும்" என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, மணமகன் தேவை விளம்பரங்களாக எடுத்துக் கொட்டியது. 'உங்களுக்குப் பொருத்தமான வரன்கள்' என்று பெண்களின் படங்கள் வேறு.

நிஹாஸ் எட்டிப் பார்த்தான். "ராத்தா, எனக்கு ஒன்டு போதும்" என்றான். அழுகிற குரலில்.

அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. பதற்றத்தில் எடுக்கும்போது ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது. கார் முழுக்க ஒரு பெண் குரல்.

"ஏன் நீங்க வயலுக்குள்ள நிக்கிறீங்க?"

மணப்பெண்! மபாஹிமா!

நானும் நவாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவர்கள் இரண்டு பேரும் இதுவரை சரியாகக் கதைத்ததே இல்லை என்றல்லவா இரண்டு வீடும் நினைத்துக்கொண்டிருக்கிறது? பெண் பார்க்கப் போன அன்று இவன் தலையை நிமிர்த்தவே இல்லையே! காலையில் குளித்து முடித்ததும் தான் போகும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும்படி போனில் அவளுக்குப் பகிர்ந்துவிட்டிருக்கிறான் கள்ளன். அலங்காரக் கதிரையில் உட்கார்ந்தபடி அவள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். புள்ளி ரோட்டை விட்டிறங்கி, வயலுக்குள் புகுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"நவாஸ் மச்சான்ட போன் இதாலதான் சொன்னிச்சி..." என்று இழுத்தான் நிஹாஸ்.

நவாஸ் எதிர்ப்பக்க வயலை ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு எடுக்க நான் பட்ட பாடு! இமை முடி ஒட்டக் கண்ணில பசை வைச்சிரிக்காங்க, திறக்க ஏலா. 'நிஹாஸுக்கு எடு' என்டு போனுக்குச் சொன்னா, அது எங்கட ஸ்கூல் அதிபர் நியாஸ் சேருக்கு எடுத்திட்டு."

"யா அல்லாஹ்! அவர் என்ன சொன்னார்?" என்றான் நிஹாஸ்.

"'இண்டைக்கு உங்களுக்குக் கலியாணம்தானே டீச்சர்?' என்டு கேட்டார். 'ஓம் சேர், மாப்பிள்ளையத்தான் தேடுறன்' என்டு சொல்லிட்டு வைச்சிட்டன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இருந்தும் சிரிப்பு வெடித்துவிட்டது.

"ஸ்பீக்கர்லயா கிடக்கு?" என்றாள் சின்னக் குரலில்.

"தங்கச்சி, நாங்க ஒன்டும் கேக்கல்ல" என்றார் நவாஸ்.

அவளும் சிரித்துவிட்டாள். பின்னால் அலங்காரம் செய்யும் பெண், "டீச்சர், கண்ணத் திறக்காதீங்க, இன்னும் காயல்ல" என்று கத்துவது கேட்டது. ஆனால் மபாஹிமா ஒற்றைக் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

"பின்னுக்கு எடுங்க. முதல்ல வேன் ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் போக வாய்க்கால் ஓரமா ஒரு பாதை பிரியும். அதாலதான் நான் ஸ்கூட்டில ஸ்கூலுக்குப் போற. எங்கட ஸ்கூல் வேனும் அதாலதான் வாற, பயமில்ல."

"மௌலவி வந்திட்டாரா?" என்று கேட்டான் நிஹாஸ்.

"வந்திட்டார். தேத்தண்ணி குடிக்கிறார். நீங்க பதறாம வாங்க. நான் எங்கயும் போகல்ல."

நான் எங்கயும் போகல்ல! இந்த மூன்று சொல்லைக் கேட்டதும் என் தம்பியின் தோள் இரண்டும் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். புறப்பட்டதிலிருந்து முதல் தடவையாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான்.

மெசின் திருத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வரட்டும்... வரட்டும்... ஸ்டியரிங்க ஒடிங்க!" என்று சத்தம் போட்டு, மூன்று வாகனங்களையும் பின்பக்கமாகவே எடுத்துவிட்டார். "மாப்பிள்ள, நல்லா இரிங்க!" என்று காரின் மேல் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

வாய்க்கால் பாதை கிடைத்தது. மபாஹிமா போனை வைக்கவே இல்லை.

"ஒரு ட்ரான்ஸ்போமர் தெரியுதா?"

"ஓம்."

"அதில வலப்பக்கம். மெதுவா. அங்கால நடுரோட்டில ஒரு நாய் படுத்திரிக்கும். ஹோன் அடிச்சி வேலையில்ல, அது எழும்பாது. நீங்கதான் சுத்திப் போகணும்."

திரும்பினோம். நாய் படுத்திருந்தது. ஹோன் அடித்துப் பார்த்தார் நவாஸ். அவருக்கு எதையும் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். அது ஒரு காதை மட்டும் ஆட்டியது. சுற்றிக்கொண்டு போனோம்.

"இப்ப எங்கட வீட்டுக் கேற் தெரியும். சரி, நான் வைக்கிறன். என்னோட கதைச்ச மாதிரிக் காட்டிக்க வேணா, சரியா?"

"ஓம்" என்றான் நிஹாஸ்.

கேற்றடியில் பெண்ணின் வாப்பாவும் சொந்தக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். மௌலவி முற்றத்துக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய நிஹாஸின் தோளில் ஒரு வைக்கோல் துண்டு. அதைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டார் மௌலவி.

"மாப்பிள்ளை வெள்ளாமையப் பார்த்திட்டு வாறார் போல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவின் சிரிப்புத்தான் அதிகம் கேட்டது. மஃரிபுக்கு முன்பே நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உள்ளே போய் மபாஹிமாவைப் பார்த்தேன். ஒரு கண்ணின் இமை முடி மட்டும் கொஞ்சம் சரிந்து ஒட்டியிருந்தது. எந்தக் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. காதோடு, "நான் ஒன்டும் கேக்கல்ல" என்றேன். என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நவாஸ் தன் அப்புக்காக வாதாடிக்கொண்டிருந்தாராம். "பாதை பிழையில்ல. மெசின் உடைஞ்சி நிக்கும் என்டு அதுக்கு யார் சொன்ன?" உண்மைதான். அதை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. என் அப் சொன்னபடி போயிருந்தால் உழவு மெசின்களுக்குப் பின்னால் நின்று மௌலவியைத் தவறவிட்டிருப்போம். குரல் உதவியாளரைக் கேட்டிருந்தால் நிஹாஸுக்கு வேறு பெண்ணே பார்த்திருக்கும்.

யோசித்துப் பார்த்தேன். போனுக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். எப்படி நிற்கிறோம் என்பது தெரியாது. வளைவுகள், தூரம், நெரிசல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும். வழி தவறியவனுக்கு முதலில் தேவை வழி இல்லை, ஒரு ஆறுதல் என்பதை அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? மபாஹிமா டீச்சர் வந்து வகுப்பு எடுத்தால்தான் உண்டு.

அதையும் நவாஸ் கேட்டுப் பார்த்துவிட்டார். "தங்கச்சி, உங்கட வாய்க்கால் பாதைய அப்ல ஏத்தி விடுங்களேன்" என்று.

"வேணா மச்சான். எல்லாரும் அதால வந்தா அந்த நாய் எங்க படுக்கிற?" என்றாள்.

நேற்று, பெண் வீட்டில் தங்கியிருக்கும் புதுத் தம்பதிக்கு எங்கள் வீட்டில் பகல் விருந்து. வாப்பா வெள்ளைச் சாரன் உடுத்து வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் ஆறிக் குளிர்ந்தது. நிஹாஸின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மபாஹிமாவின் போனும் அப்படியே. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர என் தம்பிக்கு வழி தெரியாமலா போயிருக்கும்?

சோறு ஆறிய பிறகு வந்து சேர்ந்தார்கள். "ரோட்டில சரியான நெரிசல் ராத்தா" என்றான் நிஹாஸ், என் முகத்தைப் பார்க்காமல். மபாஹிமா தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு பேரின் காலிலும் கணுக்கால் வரை கடற்கரை மணல்.

எந்த அப் காட்டிய பாதை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.