முகம் பார்க்காமல் சொன்ன பதில்

எனக்கு அப்போது பதினாறு வயது. யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்க மாட்டேன். வெள்ளவத்தையில் எல்லோரும் அதைக் கூச்சம் என்றே சொன்னார்கள். "நாலு பேரோட கதைச்சுப் பழகினால் சரியாப் போகும்" என்பார் அம்மா.

போர்க்காலம் அது. ஒருநாள் டியூஷனுக்குப் போகையில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு பெண் பொலிஸ் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டாள். "என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்று அதட்டினாள். பார்த்தேன், தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோனது. அவள் சந்தேகத்தோடு என்னைத் தனியே நிற்கச் சொன்னாள். அப்படி நிறுத்தப்பட்ட எல்லோரும் அன்றே வீடு திரும்பிய காலமல்ல அது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் பெண்மணி ஒருவர் முன்னே வந்தார். "என் மகனும் இப்படித்தான். முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. கீழே பார்த்துக்கொண்டு சொல்ல விடுங்கள்" என்றார் சிங்களத்தில்.

பொலிஸ்காரி சற்று யோசித்துவிட்டு, அட்டையைப் பார்த்தபடியே மறுபடி கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் ஏறச் சொன்னாள்.

"உங்கட மகனுக்கும் கூச்சமா, அன்ரி?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஆக்கள் சிரிப்பாங்கன்னு பயமும் இருக்கு புள்ள. ஆனா அது மட்டுமில்ல. பயமில்லாத நேரத்திலயும் என்ட முகத்தக் கூட அவனுக்குப் பாக்க ஏலாது. பொறவியிலேயே உள்ள ஓட்டிசம்னு டொக்டர் சொன்னார். ரெண்டும் சேந்து இருக்காம்."

நானும் என் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மாவிடம் எனக்குப் பயமே கிடையாது. அதை அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.

பல வருடங்கள் கழித்து ஒரு டொக்டர் எனக்கும் அதையே சொன்னார். ஆட்களைக் கண்டு பயப்படுவது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. முகம் பார்க்க மட்டும் இன்னும் முடிவதில்லை. அதற்காக நான் வெட்கப்படுவதும் இல்லை.