நான் கும்பிட்ட குரல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, நடந்ததைப் பூசி மெழுகாமச் சொல்லுகேன். என் மேலயே எனக்கு இன்னும் எரிச்சல் தீரல்ல. அது பேச்சுல தெரிஞ்சா பொறுத்துக்குங்க.

போன வருஷம் அக்டோபர் மாசம், சர்ச்ல கொயர் பாட்டு பிராக்டிஸ் நடந்துகிட்டிருக்கும்போது என் குரல் போச்சு. கரகரப்பு கொஞ்ச நாளாவே இருந்தது. சுக்கு வெந்நி குடிச்சுச் சமாளிச்சுகிட்டிருந்தேன். அன்னைக்கு மேல் ஸ்தாயிக்குப் போகையில படக்குன்னு நின்னுட்டு. வாயத் திறந்தா காத்துதான் வருது. முப்பது பேரு என்னையே பாக்காங்க. இருபத்திரண்டு வருஷமா அந்தக் கொயரை நடத்தினவ நான். கிறிஸ்மஸ் கேரல்ல சோலோ யாருக்குன்னு எங்க சபையில யாரும் கேட்டதே கிடையாது. அது கிரேஸ் டீச்சருக்குத்தான்.

மறுநாள் நாகர்கோவில்ல டாக்டரைப் பார்த்தோம். மூக்கு வழியா கேமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாண்ல ஒரு சதை வளர்ந்திருக்கு, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னார். ஆபரேஷனுக்கு மூணு வாரம் இருந்தது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசப்பிடாது. குசுகுசுன்னும் பேசப்பிடாது, அது இன்னும் கெடுதல்.

“கேன்சரா இருக்குமா சார்?” என் வீட்டுக்காரர் கேட்டார்.

டெஸ்ட் ரிசல்ட் வராமச் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். நான் அவரோட பேனாவை வாங்கிச் சீட்டுல எழுதினேன்: “கிறிஸ்மசுக்குப் பாட முடியுமா?” அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். அந்தப் பார்வையோட அர்த்தம் அப்ப எனக்குப் புரியல்ல.

ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு ஒரு சிலேட்டும் கையுமா வீட்டுல உக்காந்தேன். பேச முடியாதவளுக்குக் காதும் கேக்காதுன்னு எல்லாரும் எப்படித்தான் முடிவு பண்ணுவாங்களோ! என் வீட்டுக்காரர் கீரிப்பாறையில ரப்பர் தோட்ட ஆபீஸ்ல வேலை பார்க்கார். சாயங்காலம் வடசேரியில பஸ் இறங்கி வந்ததும் வாசல்ல நின்னே கத்துவார், “சாப்புட்டியா?” நான் சிலேட்டுல எழுதினா, சிலேட்டை வாங்கி அவரும் பதில் எழுதுவார். நாலு நாள் இந்தக் கூத்து.

அடுத்து ஜெபக்குழு பெண்கள் வந்தாங்க. என்னைச் சுத்தி உக்காந்து அவங்க பேசின பேச்சு இருக்கே! ஒருத்தி, அவ மாமியாருக்கும் இதே மாதிரித்தான் ஆரம்பிச்சதுன்னா. அந்த மாமியார் இப்ப இல்ல. இன்னொருத்தி என் கையைப் பிடிச்சு, “டீச்சர், மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிருங்க”ன்னா. வாய் இருந்திருந்தா அவளை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆண்டவருக்காகப் பாடின எனக்கா மறைவான பாவம்?

ஆண்டவர் மேலயும் கோபம். சத்தமா ஜெபிச்சே பழகினவ நான். மனசுக்குள்ள ஜெபிச்சா ரெண்டு நிமிஷத்துல மீன் வாங்கணுமேன்னு யோசனை ஓடிரும். அதனால ஒரு நோட்டுல ஜெபத்தை எழுத ஆரம்பிச்சேன். பக்கம் பக்கமா எழுதினேன். ஜெபம்னு சொல்லுகேன், சண்டைதான். உமக்காகத்தானே பாடினேன், சபையில எத்தனை பேர் சும்மா இருக்காங்க, என் தொண்டைதான் கிடைச்சுதா உமக்கு?

பக்கத்து வீட்டு லட்சுமி நம்ம மார்க்கம் இல்ல, அய்யாவழிக்காரங்க குடும்பம். நல்ல மனசுக்காரி. ஒரு நாள் கஞ்சி கொண்டு வந்தா. நான் நோட்டுல எழுதிகிட்டு அழுதுகிட்டிருந்தேன். என்னன்னு கேட்டா. “இனி பாட முடியாமப் போனா என்ன செய்வேன்”னு சிலேட்டுல எழுதிக் காட்டினேன்.

லட்சுமி அதை எழுத்துக் கூட்டிப் படிச்சா. “ஏங்க்கா, பாடலேன்னா உங்க ஆண்டவருக்கு நீங்க சொல்லது கேக்காதா?”

குத்திக் காட்டல்ல. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான் சிலேட்டைக் கவுத்தி வச்சுட்டுக் கஞ்சியை வாங்கினேன்.

அவ போனதும் நோட்டை முதல் பக்கத்துல இருந்து எடுத்துப் படிச்சேன். வாயால ஜெபிச்சா காத்தோட போயிரும். எழுதினது அப்படியே இருக்குல்ல. பதினோரு பக்கம். அதுல கேன்சர்னு ஒரு வார்த்தை இல்ல. என் ரெண்டு பிள்ளைங்க பேரும் இல்ல. கீரிப்பாறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையிற மனுஷனைப் பத்தி ஒரு வரி இல்ல. எல்லாம் சோலோதான். ஆறாவது பக்கத்துல இப்படி எழுதியிருக்கேன்: “யாரு வேணும்னாலும் பாடட்டும், ஜெஸி மட்டும் பாடப்பிடாது ஆண்டவரே.” இது ஜெபமாம்.

பத்துக் கற்பனையை வேதபாடத்துல பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறவ நான். வேற தெய்வம் கூடாது, சிலையைக் கும்பிடக் கூடாதுங்கிற முதல் ரெண்டு கற்பனையும் வேற ஆட்களுக்குள்ளதுன்னே நினைச்சிருந்தேன். எங்க வீட்டுல சிலை உண்டா, படம் உண்டா? ஒண்ணும் கிடையாது. தொண்டைக்குள்ள ஒண்ணை வச்சு அத்தனை வருஷமும் கும்பிட்டிருக்கேன். அதுக்குத்தான் சுக்கு வெந்நி, அதுக்குத்தான் கோபம், அதுக்குத்தான் கண்ணீர்.

ஜெஸி யாருன்னு சொல்லணும். மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து எங்க சபைக்குக் கல்யாணமாகி வந்த பிள்ளை. தேனு மாதிரிக் குரல். ஆறு வருஷமா அவளைக் கடைசி வரிசையில நிறுத்தினேன். “உன் பாட்டுல மலையாளம் இழுக்கு”ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன். சத்தமாப் பாடினா கண்ணைக் காட்டி அடக்குவேன். காரணம் இழுப்பு இல்லங்கிறது எனக்கு நல்லாவே தெரியும்.

சிலேட்டைத் தூக்கிகிட்டு அவ வீட்டுக்குப் போனேன். “இந்த வருஷம் சோலோ நீ பாடணும்”னு வழியிலயே எழுதி வச்சிருந்தேன். பெரிய தியாகம் செய்யப் போற நினைப்பு எனக்கு.

அவ படிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தா. “அக்கா, நான் கொயரை விட்டு நாலு மாசமாச்சு. நீங்க அறியல்லியா?”

எனக்குத் தெரியல்ல. வாரா வாரம் அந்த வரிசைக்கு முன்னால நின்னு கை வீசினவளுக்குத் தெரியல்ல.

“சர்ச்சுக்கும் வாரதில்லக்கா. அங்க வந்து உக்காந்தா உங்க முகம்தான் ஓர்மை வருது. ஏசுவ ஓர்மை வரல்ல.”

அன்பானவங்களே, டாக்டர் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஒரு ஆத்துமாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நான் போய் நின்னிருக்கேன். சிலேட்டை முந்தானையால துடைச்சு “மன்னிச்சிரு”ன்னு எழுதினேன். அவ கட்டிப்பிடிச்சு அழுவான்னு எதிர்பார்த்தேன். அவ, “பாப்போம்க்கா”ன்னுட்டு கொடியில கிடந்த துணியை எடுக்கப் போயிட்டா.

அன்னையில இருந்து நோட்டுல ஜெபம் மாறிச்சு. சுலபமா மாறல்ல. “என் குரல் வராட்டாலும் சரி”ன்னு எழுதுவேன், உடனே அடிப்பேன். திரும்ப எழுதுவேன், திரும்ப அடிப்பேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் அடிக்காம விட்டேன். “குரல் வராட்டாலும் சரி. ஜெஸி உம்மை விட்டுப் போயிரப்பிடாது. நடுவுல நிக்கிற என்னை எடுத்து மாத்தும். என் வீட்டுக்காரருக்குத் தைரியம் கொடும்.” மொத்தமே நாலு வரி. அதுக்குப் பிறகு நெஞ்சுல ஒரு அமைதி வந்தது. அதை எனக்கு விளக்கத் தெரியாது.

ஆபரேஷன் முடிஞ்சு பத்தாம் நாள் ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல என் வீட்டுக்காரர் பிள்ளை மாதிரி அழுதார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! பேச்சு மெல்ல மெல்லத் திரும்பும், மேல் ஸ்தாயி மட்டும் சந்தேகந்தான்னு டாக்டர் சொன்னார். அது இன்னைக்கு வரைக்கும் வரல்ல.

கேரல் ஆராதனை அன்னைக்கு, இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா சபையாரோட பெஞ்சுல உக்காந்தேன். வேற ஒரு பிள்ளை சோலோ பாடினா. ஒரு இடத்துல ஸ்ருதி விலகிச்சு. சர்ச் கூரை ஒண்ணும் இடிஞ்சு விழல்ல. ரெண்டாவது பாட்டு நடக்கும்போது யாரோ என்னை நெருக்கி உக்காந்தாங்க. திரும்பிப் பார்த்தேன். ஜெஸி.

சபையார் எல்லாரும் எழும்பிப் பாடும்போது அவளும் பாடினா. அதே இழுப்பு. நான் வாயை மூடிகிட்டுக் கேட்டேன். அந்த இழுப்புல எவ்வளவு பக்தி இருந்ததுன்னு அத்தனை வருஷமும் எனக்குக் கேக்காமப் போச்சே!

முடிஞ்சதும் அவ குனிஞ்சு கேட்டா, “என்னக்கா, இன்னைக்குக் கண்ணைக் காட்டல்லியே?”

“இல்ல மக்கா”ன்னேன். கரகரன்னுதான் வந்தது. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துட்டு.

இப்ப கொயர் வேற ஒருத்தர் பொறுப்பு. ஜெஸி முன் வரிசையில நிக்கா. உங்களை நான் கெஞ்சிக் கேக்கது ஒண்ணுதான். எதை ஆண்டவர் தொட்டா உங்களுக்கு அவர் மேல கோபம் வருமோ, அதை எடுத்து அவர் கையிலயே கொடுத்துருங்க. பிள்ளையோட படிப்பா இருக்கலாம், சபைப் பதவியா இருக்கலாம், ஊழியமாக்கூட இருக்கலாம். அவரை நம்பிக் கொடுங்க. என்னை மாதிரி பிடிவாதக்காரியையே பொறுத்தவர் உங்களையும் பொறுப்பார்.

ஒரு தடவை கொடுத்தா முடிஞ்சுதுன்னும் நினைச்சிராதீங்க. இந்தச் சாட்சியைச் சொல்ல வாரதுக்கு முன்னால, எந்த இடத்துல நிறுத்தினா நீங்க எல்லாரும் அழுவீங்கன்னு கண்ணாடி முன்னால நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். அஞ்சாவது தடவைதான் வெக்கமாப் போச்சு. முழங்கால் போட்டுட்டு நேரா இங்க வாரேன். எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க. ஆமென்.