மாதிரித் தட்டில் சடசடப்பு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்தும் விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கிற்றாரோடு கிளம்பியவள். அமெரிக்காவில் பண்ணைப் பக்கத்து ஆட்கள் பாடுகிற மாதிரியான பாட்டுகளைத் தானே எழுதித் தானே பாடுவாள். அமெரிக்கானா என்று அதற்குப் பெயராம். இங்கே ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் கோயிலில் ஒருத்தி என் காதருகே வந்து, "அக்கா, உங்கட மகள் குதிரையும் வாங்கிட்டாவோ?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். லொறி ஓட்டுநரான என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மகளின் பாட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஸ்டூடியோவில் பதிந்த அவளுடைய முதல் ஆல்பம் இசைத்தட்டாக வரவிருந்தது. தொழிற்சாலைக்காரர் முதலில் இரண்டு மாதிரித் தட்டு அனுப்புவார்கள். கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மிச்சத்தை அடிப்பார்கள். அவள் எப்போதும் பயணத்தில் என்பதால் பார்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் தட்டுப் போடும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள்.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றுமில்லாமலே குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தேன். ஊசியை வைத்தாள். பாட்டுக்கு மேலே சடசடவென்று சத்தம், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. துணியால் ஒற்றிவிட்டுத் திரும்பவும் வைத்தாள். மற்றத் தட்டிலும் அதே சத்தம்.

தொழிற்சாலையின் பிழை, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்றாள். நிறுத்தினால் ஆல்பத்துக்கான முதல் கச்சேரிக்குத் தட்டு வந்து சேராது. முகம் கறுத்தது. போனை எடுத்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தபடி கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்றுவிட்டேன்.

"போன் எடுக்காத, பிள்ளை," என்றார் இவர். "அவங்களில பிழையில்லை. நான்தான் திருநீறு தூவினனான்."

மகள் திரும்பினாள். "தட்டுக்கோ, அப்பா?"

"லொறிக்கும் போட்டனான்தானே. புதுச்சாமானைச் சாமிக்குக் காட்டாமல் ரோட்டில விடுறதே?"

மகள் போனைக் கீழே வைத்தாள். இரண்டு தட்டையும் குசினித் தொட்டியில் மெதுவாகக் கழுவித் துடைத்துக் காயவிட்டாள். பிறகு போட்டபோது குரல் கண்ணாடி மாதிரி வந்தது. இவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு பாட்டில் அவர் காலமெல்லாம் லொறி ஓடிய ஊர்களின் பெயர்கள் வந்தன. ஆடிய கால் நின்றது. "திரும்பப் போடு," என்றார்.

சரி என்று தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டு அன்று பின்னேரமே அவள் ரயில் ஏறிவிட்டாள். பெட்டியையும் ஒரு தட்டையும் விட்டுப் போனாள். இப்போது இவர் காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னரே போடச் சொல்கிறார். தட்டைக் கீறிவிடுவேனோ என்று நான் ஊசியை மெதுவாக வைக்கிறேன்.

அந்தப் பாட்டில் ஊர்ப் பெயர்கள் மளமளவென்று வருவதால் தினமும் கேட்டும் வரிசை பிடிபடவில்லை; கார்ல்ஸ்ரூ முதல் வருகிறது என்று என் நினைவு. இல்லை, உல்ம்தான் முதல், இல்லாவிட்டால் லொறி எதிர்ப்பக்கம் அல்லவா போகும் என்கிறார் இவர். தட்டை வாங்கியவர்கள் யாராவது கேட்டுப் பார்த்துச் சரியானதைச் சொல்லுங்கள். மகளிடம் கேட்க இவர் விடுகிறார் இல்லை.