தனித் தம்ளரும் ஒரே பாயும்

சுசீந்திரத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு மறைவிடத்தில் கொப்புளம் வந்து புண்ணானது. "ஏட்டி, நீ குளத்துல எறங்காத, கேட்டியா. மத்தவளுவளுக்கும் ஒட்டிரும்" என்றாள் மாமியார். எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். இதே கொப்புளம் எனக்கு முன்பே அவள் மகனுக்கு வந்திருந்தது. அவனுக்கு வந்தால் உடம்புச் சூடாம். அவன் அதே குளத்தில் நீந்திக் குளித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாமியாரிடமே சொன்னார்: "இது ஹெர்ப்பிஸ். குளத்துத் தண்ணியில ஒட்டாது, பாத்திரத்துல ஒட்டாது. உடம்போட உடம்பு சேந்தாத்தான் ஒட்டும். உங்க மகன்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. புண் ஆறுறவரைக்கும் ரெண்டுபேரும் தனியாப் படுக்கணும்."

மாமியார் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என் தம்ளரைப் பழையபடி தனியே கவிழ்த்து வைத்தாள். பிறகு அறைக்குள் போய், மகனுக்கும் எனக்கும் ஒரே பாயை விரித்தாள்.